வெளித் தாழ்ப்பாள்

தத்து மையத்தில் பியூலா மேடம் குழந்தையை அறைக்குள் அழைத்துப்போனபோது மணி பத்தே முக்கால். கதவை முழுக்கச் சாத்தவில்லை. ஒரு சாண் இடைவெளி விட்டு, காற்றில் ஆடி மூடிக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு மரக்கட்டையைக் காலால் தள்ளி வைத்தார். "அரை மணி நேரம் ஆகும் டீச்சர். நீங்க வெளியில உட்காருங்க. அவகிட்ட தனியாப் பேசணும்" என்றார். மங்கையர்க்கரசி தலையாட்டிவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து அதன் ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. உள்ளே நான்காக மடித்த ஒரு கடிதம். அதன் கீழே இடது பக்கம் அவள் கணவர் தனபாலனின் கையெழுத்து, வலது பக்கம் அவளுக்கு விட்ட இடம். இங்கே வந்து போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். வீட்டில் பேனாவை எடுத்தபோதெல்லாம் ஏதாவது ஒரு வேலை வந்தது, பால் பொங்கியது, காய்காரர் கூப்பிட்டார், வேலை எதுவும் வராதபோது அவளே ஒன்றைத் தேடிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர்தான் எழுதினார், 'குழந்தை எங்கள் குடும்ப சூழலுக்கு ஒத்துவராத காரணத்தால்' என்று. எழுதி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் படித்தாள். படித்துவிட்டுச் செய்த காரியம், மேசையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்துக் குடும்பத்துக்கும் சூழலுக்கும் நடுவில் ஒரு 'ச்' போட்டது. இருபது வருடம் தமிழ் டீச்சராக இருந்த கை தானாகப் போட்டுவிட்டது. அவர் வேறு தாளில் மறுபடி எழுதினார். ஒரு குழந்தையைத் திருப்பிக் கொடுக்கிற கடிதத்தில் ஒற்று விடுபடக் கூடாது என்று பார்த்த பெண்பிள்ளை உலகத்தில் வேறு எவளாவது இருப்பாளா. அதை நினைத்ததும் காது மடல் சூடாகியது. பெஞ்சில் தனியாகத்தான் இருந்தாள், ஆனாலும் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

வராந்தாவில் பினாயில் வாசனையும் அதற்கு அடியில் சோறு வேகும் வாசனையும். உள் கட்டடத்தில் கைக்குழந்தைகள். ஒன்று அழுதால் மற்றதும் சேர்ந்துகொள்கிறது, பிறகு எல்லாம் சேர்ந்து ஓய்கின்றன. மூன்று மாதத்துக்கு முன்பு இதே பெஞ்சில் இவளும் தனபாலனும் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு இந்த வாசனை நல்ல வாசனையாக இருந்தது. பதினொரு வருடம் ஆஸ்பத்திரி, பிறகு மனு போட்டு நான்கு வருடம் காத்திருப்பு, கைக்குழந்தைதான் வேண்டும் என்று நின்றால் வயதாகிப்போகும், கொஞ்சம் பெரிய குழந்தை என்றாலும் சரி என்று அவர்தான் முதலில் சொன்னார். பெரிய குழந்தை என்றால் என்ன, நான் பார்க்காத குழந்தையா என்று அவள் சொன்னாள். சொன்னாளே. ஐம்பத்திரண்டு பிள்ளைகள் கூச்சல் போடும் வகுப்பை வாசலில் நின்று ஒரு பார்வையில் அடக்குகிறவள், ஏழு வயதுப் பெண் ஒன்றைப் பார்த்துக்கொள்ள மாட்டாளா. தலைமையாசிரியை காலைக் கூட்டத்தில் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, "பெற்றால்தான் பிள்ளையா என்று கேட்கிற பெரிய மனசு நம்ம அரசி டீச்சருக்கு" என்றார். ஆயிரம் பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் குனிந்துகொண்டு நின்றாள், அடக்கம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள், உண்மையில் சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தாள், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாளைக்கு அதே பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது. உடம்பு சரியில்லை என்று, அவளுடைய சொந்தக்காரர்கள் வந்து கேட்டுவிட்டார்கள் என்று. ஆட்டோவில் வரும்போதே நான்கைந்து பொய்களை யோசித்து ஒவ்வொன்றையும் சொல்லிப்பார்த்திருந்தாள். பக்கத்தில் அந்தக் குழந்தை உட்கார்ந்திருக்கும்போதே.

குழந்தையின் பெயர் அஞ்சலை. யாழ்மொழி என்று இவள் வைத்தாள். அந்தப் பெயரைப் பதினைந்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்தாள், ஆஸ்பத்திரி வரிசைகளில் உட்கார்ந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எழுதிப் பார்த்த பெயர். வந்த முதல் வாரமே பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கூப்பிட ஏற்பாடு செய்தாள். யாழ்மொழி என்று கூப்பிட்டால் குழந்தை திரும்பவே திரும்பாது. காது கேட்கவில்லையோ என்றுகூட டாக்டரிடம் காட்டினார்கள். அஞ்சலை என்றால் பக்கத்து அறையில் முணுமுணுத்தாலும் வந்து நிற்கும். "அதுக்கு அந்தப் பேரு பிடிச்சிருக்கு அரசி, விட்டுடேன்" என்றார் தனபாலன். அவள் விடவில்லை. என்னவோ காரணம் சொன்னாள், ஓசை நயம் அது இது என்று. காரணம் அதுவல்ல. அந்தப் பெயரைச் சொல்லி ஆசிரியர் அறையில் கூப்பிட வெட்கமாக இருந்தது. அஞ்சலை என்றால் வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணின் பெயர் மாதிரி இருக்கிறது என்று நினைத்தாள், நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லாமலே குழந்தைக்குத் தெரிந்திருக்கும். குழந்தை தனபாலனை மூன்றாம் நாளே அப்பா என்று கூப்பிட்டது. இவளை இன்றுவரை மிஸ். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மிஸ் என்கிறார்கள், அதனால்தான், போகப்போகச் சரியாகிவிடும் என்றார் அவர். வீட்டில், சமையலறையில், தலை பின்னும்போது, மிஸ். மிஸ் தண்ணி வேணும். மிஸ் இது வலிக்குது.

"அக்கா, இங்க உட்காரலாமா?"

நிமிர்ந்தாள். ஒரு இளம் தம்பதி. அந்தப் பெண்ணின் கையில் துணிக்கடைப் பை, அதற்குள் வெள்ளைச் சட்டை ஒன்று, விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்தாள், புருஷன் உட்காராமல் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிக்கப் போய்விட்டான்.

"இன்னிக்குத் தர்றாங்க அக்கா. அஞ்சு மாசக் குழந்தை" என்றாள் அந்தப் பெண், கேட்காமலே. "ராத்திரி பூரா தூங்கல. நீங்களும் அதுக்குத்தானா?"

"எங்களுக்கு வந்தாச்சு. பொண்ணு. உள்ள பேசிக்கிட்டிருக்கா."

"அப்படியா" என்று அவள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "முதல்ல ரொம்ப அழுமா அக்கா? நம்மகிட்ட வருமா? நான் தூக்கினா அழுதுருச்சுன்னா அவங்க தர மாட்டேன்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

மங்கையர்க்கரசி பதில் சொன்னாள். பொறுமை வேண்டும் என்றாள். குழந்தை நம்மைச் சோதித்துப் பார்க்கும், விட்டுவிடுவோமா என்று பார்க்கும், விடமாட்டோம் என்று தெரிந்தால் அடங்கும் என்றாள். குரலில் நடுக்கமே இல்லை. வகுப்பில் பாடம் நடத்துகிற குரல், தெளிவாக, நிறுத்தி நிறுத்தி. அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், கண் கலங்கி, "உங்களப் பாத்தது நல்லதாப் போச்சுக்கா" என்றாள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து அவர்களைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்கள். பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் சூடு இருந்தது. இவள் சொன்னதெல்லாம் பியூலா மேடம் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள், பயிற்சி நாளில் நோட்டில் எழுதியவை. அழகான கையெழுத்தில் எழுதி, முக்கியமானதற்கு அடிக்கோடு போட்டிருந்தாள். ஒன்றுக்கு இரண்டு கோடு. அந்தப் பக்கத்துக்கு மட்டும் மனது போகக் கூடாது என்று காலையிலிருந்து பிடித்து வைத்திருந்தாள். தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தாள். பிறந்தவுடன், ஆறு வாரம், பத்து வாரம். இரண்டு கோடு போட்ட வரி: கதவு.

கோப்பில் இருந்தது அது. குழந்தையைப் பெற்றவள் தனியாக இருந்தவள், கட்டட வேலைக்குப் போகிறவள். போகும்போது பிள்ளையை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போவாள், பக்கத்தில் யாரையும் நம்ப முடியாத இடம். ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், நினைவு திரும்பாமலே போய்ச் சேர்ந்தாள். வீட்டுக்குள் ஒரு பிள்ளை இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள். நான்கு வயது. பியூலா மேடம் கோப்பை மூடிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மத்ததெல்லாம் முன்னப்பின்ன ஆகலாம் டீச்சர். கத்துங்க, கோவிச்சுக்குங்க, மனுஷங்கதான். கதவை மட்டும் பூட்டாதீங்க" என்றார். சரி என்றாள். எழுதிக்கொண்டாள்.

பதினொரு நாளைக்கு முன்னால், சனிக்கிழமை, மத்தியானம். அரையாண்டுப் பரீட்சைத் தாள்கள் கட்டாக இருந்தன, திங்கட்கிழமை மதிப்பெண் கொடுக்க வேண்டும். தனபாலனுக்கு ஷிப்ட். குழந்தை வந்து வந்து நின்றது. மிஸ் படம் வரையலாமா. இதை முடிச்சிட்டு. மிஸ் கீழ போலாமா. இதை முடிச்சிட்டுன்னு சொன்னேன்ல. அப்புறம் அவள் முகம் கழுவப் போனாள், ஐந்து நிமிடம்கூட இல்லை, திரும்பி வந்தபோது மேசையில் கட்டு இல்லை. பின்பக்கம் துணி ஊறவைக்கிற வாளியில் கிடந்தன அத்தனை தாள்களும். குழந்தை பக்கத்தில் நின்று தாளைத் தண்ணீருக்குள் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் குறும்பு இல்லை, பயமும் இல்லை. என்ன ஆகிறது பார்க்கலாம் என்பது மாதிரி இவளையே பார்த்தது. கையைப் பிடித்தாள். இழுத்தாள். குளியலறைக்குள் தள்ளினாள். வெளியே தாழ்ப்பாளைப் போட்டாள். அதோடு நின்றிருக்கலாம். ஸ்விட்ச் வெளியேதான் இருந்தது. அதையும் அணைத்தாள். அணைத்தது நினைவிருக்கிறது, விரலுக்கு அந்த 'டக்' இன்னும் தெரிகிறது, கோபத்தில் அறியாமல் செய்தேன் என்று யாரிடமாவது சொல்லலாம் என்றால் அந்த 'டக்' குறுக்கே வந்து நிற்கிறது. அறியாமல் செய்கிறவள் விளக்கைத் தேடி அணைக்க மாட்டாள். எது வலிக்கும் என்று தெரிந்தவள், கோப்பைப் படித்தவள், இரண்டு கோடு போட்டவள்தான் அணைப்பாள். உள்ளேயிருந்து அழுகை வரும், வந்தால் திறந்துவிடலாம் என்று நின்றாள். வரவில்லை. ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனம் இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அழுத்தக்காரி. போய்த் தாள்களைப் பிழிந்து, கூடத்துத் தரையில் பரப்பி, மின்விசிறியைப் போட்டு, மை கரைந்தவற்றைத் தனியாகப் பிரித்தாள். ஐந்து நிமிடம் என்று வைத்திருந்தாள். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. திறந்தாள். தள்ளிய இடத்திலேயே, கதவுக்கு நேரே, ஒரு அடிகூட நகராமல் நின்றது. பாவாடை நனைந்து, காலடியில் ஈரம். கழிப்பிடம் உள்ளேயே இரண்டு எட்டில் இருந்தது, இருட்டில் போகவில்லை. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஸாரி மிஸ்" என்றது.

அவள் குளிப்பாட்டினாள், வேறு துணி போட்டாள், இட்லி ஊட்டினாள், எல்லாம் செய்தாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. சாயங்காலம் தனபாலன் வந்து, தரையெல்லாம் காய்கிற தாள்களைப் பார்த்து, "என்ன இது" என்றபோது, "உங்க பொண்ணு வேலை" என்றாள். குழந்தை அவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தது. சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, இந்தப் பதினொரு நாளும் சொல்லவில்லை. சொல்லாத ஒவ்வொரு நாளும் இவளால் அதன் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது. குளியலறைப் பக்கம் போனால் அழுகை வந்தது. அவர் அழுகையைத்தான் பார்த்தார். தலையணை உறைக்குள் சோறு ஒளித்து வைக்கிறது, வகுப்பில் ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டது, பொய் சொல்கிறது, ஒவ்வொன்றாக இவள் சொல்லிக்கொண்டே போனாள், எல்லாம் நடந்ததுதான், ஒன்றுகூடப் பொய்யில்லை. அவர் நம்பினார். "உன்னால முடியலன்னா விட்டுடலாம் அரசி. தத்துக்குக் கலெக்டர் உத்தரவு வர்றதுக்குள்ளன்னா எழுதிக் குடுத்துடலாமாம். நீ உருக்குலைஞ்சு போறதப் பாக்க முடியல" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புக்குள் அவள் ஒளிந்துகொண்டாள். திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்தக் கண்கள் வீட்டில் இருக்காது. அவ்வளவுதான் விஷயம். ஒத்துவரவில்லை என்பதெல்லாம் வார்த்தை. தன்னைப் பார்த்துவிட்ட ஒரே சாட்சியை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறாள். இன்று காலை குழந்தை தானாகவே உடுத்திக்கொண்டு வந்து நின்றது. இங்கிருந்து வரும்போது போட்டிருந்த பழைய பச்சைக் கவுன். அலமாரியில் இவள் வாங்கியவை எட்டு இருந்தும் அடியிலிருந்து அதைத் தோண்டி எடுத்துப் போட்டிருந்தது, முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. யாரும் அதனிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஆட்டோ வந்தாச்சு என்றாள். பூட்டிவிட்டுப் போனாளே பெற்றவள், அவள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று பூட்டினாள், திரும்பி வந்து திறக்கத்தான் பூட்டினாள். நான்?

"டீச்சர், வாங்க."

அறைக்குள் குழந்தை இல்லை. பின்வாசல் வழியாகச் சமையல் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தது. பியூலா மேடம் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"நல்லா இருக்கேன்னு சொல்றா. நீங்க நல்லா பாத்துக்கிறீங்களாம், இட்லி ஊட்டிவிட்டீங்களாம். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா" என்றார். பிறகு, மெதுவாக, "ஒண்ணு மட்டும் கேட்டா. திரும்பி வந்தா பழைய கட்டில் கிடைக்குமா, இல்ல அதுல வேற பாப்பா படுத்திருக்கான்னு கேட்டா. யாராவது ஏதாவது சொன்னீங்களா அவகிட்ட?"

"இல்ல."

"உங்களுக்கு என்கிட்ட ஏதாவது சொல்லணுமா டீச்சர்?"

கை பைக்குள் போய்விட்டது. கடிதத்தின் மடிப்பு விரலில் பட்டது. எடுத்து நீட்டினால் போதும், பேச வேண்டியதில்லை, தாள் பேசிக்கொள்ளும். மேசையில் பேனா இருந்தது. நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறது. இட்லியைச் சொல்லியிருக்கிறது. நாற்பது நிமிடத்தை விட்டுவிட்டு அதற்குப் பிறகு வந்த இட்லியை மட்டும் சொல்லியிருக்கிறது.

"நான் கதவப் பூட்டினேன்" என்றாள்.

பியூலா மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாத்ரூம்ல. லைட்டை அணைச்சிட்டு. நாற்பது நிமிஷம்." குரல் வகுப்புக் குரலாக இல்லை, யாருடைய குரலோ. "மறந்துபோய் இல்லைங்க மேடம். எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. ஞாபகம் இருந்துதான் செஞ்சேன். அவருக்குத் தெரியாது. அவர் எழுதின கடிதம் இது. இதுல அவ மேல குத்தம் எழுதியிருக்கு. அது தப்பு." கடிதத்தை மேசையில் வைத்தாள். பியூலா மேடம் அதைப் பிரித்துப் படித்தார், கீழே காலியிடத்தைப் பார்த்தார், மடித்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று இவள் மனதின் ஒரு மூலை எதிர்பார்த்தது, அந்த எதிர்பார்ப்புக்கும் சேர்த்து வெட்கப்பட்டது.

"நான் இதை எழுதியாகணும் டீச்சர். மறைக்க முடியாது" என்றார். "குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகும். வெள்ளிக்கிழமை உங்க ரெண்டு பேரையும் கூப்பிடுவாங்க. அவளை உங்ககிட்ட விடலாமா வேண்டாமான்னு அவங்கதான் சொல்லணும்."

"எழுதுங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் மெல்ல வந்து சேர்ந்தது. கொடுத்துவிட வந்தவளிடமிருந்து எடுத்துக்கொண்டு போகலாம். இத்தனை நாள் சாட்சி என்று பயந்த கண்கள் நாளைக்கு வீட்டில் இல்லாமல் போகலாம். "மேடம், அவ எனக்கு வேணும்" என்றாள். மிகவும் தாமதமாக வந்த வாக்கியம், யாருக்கும் உபயோகமில்லாத மாதிரி மேசைமேல் கிடந்தது.

"அதை அவதான் நம்பணும். நான் நம்பி என்ன" என்றார் பியூலா மேடம். எழுந்து பின்பக்கம் போனார். போன் பேசுகிற குரல் கேட்டது, யாரிடமோ, வெகுநேரம். பிறகு குழந்தையிடம் தாழ்ந்த குரலில் ஏதோ. திரும்பி வந்து நின்றுகொண்டே சொன்னார்: "அப்பா வீட்ல இருப்பாரான்னு கேட்டா. இருப்பாருன்னேன். அப்ப சரின்னா. குழுவுலயும் கேட்டுட்டேன், வெள்ளிக்கிழமை வரைக்கும் கூட்டிட்டுப் போங்க. சாரை உடனே வீட்டுக்கு வரச் சொல்லுங்க, நீங்க போய்ச் சேர்றப்ப அவர் இருக்கணும். ஆறு மணிக்கு நான் வருவேன். அதுக்குள்ள அவர்கிட்ட நீங்களே சொல்லியிருக்கணும். அப்புறம் அந்த வெளித் தாழ்ப்பாள், அது இன்னிக்கே கதவுல இருக்கக் கூடாது."

வராந்தாவுக்கு வந்து தனபாலனுக்குப் போன் செய்தாள். எடுத்ததும் அவர், குரலைத் தணித்து, "விட்டாச்சா?" என்றார்.

"இல்ல. நீங்க வீட்டுக்கு வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்னாச்சு அரசி?"

"வாங்க, சொல்றேன்."

குழந்தை பின்வாசலிலிருந்து வந்தது. வாயோரம் சர்க்கரை ஒட்டியிருந்தது. இவள் கையை நீட்டினாள். குழந்தை நீட்டிய கையைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தது. இவள் கையை மடக்கிக்கொண்டு பின்னால் போனாள். தெருவில் வெயில் ஏறியிருந்தது. ஆட்டோ எதுவும் இல்லை. பேருந்து நிறுத்தத்தின் நிழலில் இரண்டு பேரும் நின்றார்கள், நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம். மன்னிப்புக் கேட்க வேண்டும், இப்போதே, பேருந்து வருவதற்குள். வார்த்தையைத் தேடினாள். தமிழில் அவளுக்குத் தெரிந்த மன்னிப்புச் சொற்களெல்லாம் செய்யுளில் இருந்தன.

"அஞ்சலை" என்றாள். முதல் தடவையாக. குழந்தை சட்டென்று திரும்பியது. "அன்னிக்கு நான் உன்னைப் பூட்டினது தப்பு. நீ என்ன செஞ்சிருந்தாலும் அது தப்பு. இனிமே செய்ய மாட்டேன்."

குழந்தை கேட்டுக்கொண்டது. நம்பியதா என்று முகத்தில் தெரியவில்லை.

"மிஸ்" என்றது. "அப்பாகிட்ட நான் சொல்லல."

"தெரியும். இன்னிக்கு நானே சொல்லப்போறேன்."

குழந்தை கவுனின் ஓரத்தை விரலில் சுற்றியது, பிரித்தது. சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி, இவள் அருகில் வந்து கேட்டது:

"சொன்னா, அப்பா உங்கள எங்க கொண்டுபோய் விடுவாரு?"